ஜப்பானியக் குடும்ப அனிமேஷன் படங்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்கு ஜப்பானிய அனிமேஷன் படங்களைப் போட்டுக் காட்டும்போது, விளக்கு போட்டதும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். சில படங்களின் முடிவு பேச்சுவாக்கில் வெளியே வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஜப்பான் படத்துல எல்லாரும் ஜப்பான்காரங்கதானே? இதுல பன்முகத்தன்மைன்னு பேச என்ன இருக்கு?"

நாட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஓர் ஊர் என்றால் அதில் நடக்க முடியாத கிழவிகள் இருப்பார்கள், காது கேளாத பிள்ளை இருக்கும், வளர்ப்புப் பிள்ளை இருக்கும், பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை இருக்கும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மா இருப்பாள். இவர்களில் யாருக்குக் கதையில் வேலை கொடுத்திருக்கிறார்கள், யார் வெறுமனே கூட்டத்தில் நிற்கிறார்கள் என்பதும் இதே கேள்விதான்.

தவிர, ஜப்பானில் எல்லாரும் ஒரே இனம் என்பதும் சரியில்லை. வடக்கே ஹொக்கைடோவில் ஐனு மக்கள், தெற்கே ஒக்கினாவாவில் ரியூக்யூ மக்கள், 1910 முதல் 1945 வரை கொரியாவை ஜப்பான் ஆண்ட காலத்தில் வந்தவர்களின் பேரன் பேத்திகள் என்று பல தரப்பினர் இருக்கிறார்கள். வேலைக்கும் படிப்புக்கும் வந்த வெளிநாட்டவரையும் சேர்த்தால், 2024 முடிவில் அங்கே 37 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுக் குடிமக்கள் வசித்தார்கள். நூற்றுக்கு மூன்று பேர்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுமை, நோய், ஊனம், பெண் பிள்ளைகளின் மனசு என்று வந்தால் இந்தப் படங்கள் தாராளமானவை. பக்கத்து வீட்டு வேற்றினத்துக்காரர் என்று வந்தால் கை சுருங்கிவிடும். அவரைக் காட்ட வேண்டுமென்றால் ஓநாயாகவோ மீனாகவோ மாற்றித்தான் காட்டுவார்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான்.

"பேரு ஜப்பான் பேரு, முடி மட்டும் மஞ்சள், கண்ணு நீலம். ஏன் வெள்ளைக்காரங்க மாதிரியே வரையறாங்க?"

பெரிய கண்களின் பூர்வீகம் அமெரிக்கக் கார்ட்டூன். போருக்குப் பின் ஜப்பானியச் சித்திரக்கதைக்கு இலக்கணம் வகுத்த டெசுகா ஒசாமு, டிஸ்னியையும் ஃப்ளைஷர் சகோதரர்களையும் பார்த்துப் பார்த்து வரைந்தவர். முடியின் நிறம் பெரும்பாலும் ஆளை அடையாளம் காட்டத்தான். நாலு கோட்டில் முகம் வரையும்போது பத்துப் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டத் தலைமுடியும் அதன் நிறமும்தான் கைகொடுக்கின்றன.

அங்கே உள்ள பார்வையாளருக்கு அந்த முகம் வெள்ளைக்கார முகமாகப் படுவதில்லை. அடையாளம் எதுவும் ஒட்டாத முகம் என்றால் அது தங்கள் முகம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதே படத்தில் ஒரு ஐரோப்பியர் வரும்போது பாருங்கள்: மூக்கு நீளும், தாடை அகலும், ஆள் வாசல் நிலையைத் தொடுவார். 2014 இல் வந்த 'வென் மார்னி வாஸ் தேர்' படத்தில் அன்னாவையும் பொன்முடி மார்னியையும் அருகருகே நிறுத்தும்போது இந்த வேறுபாடு வேண்டுமென்றே வைத்தது என்று சட்டெனப் புரியும். 'ஸ்பிரிட்டட் அவே' சிஹிரோவுக்கோ 'டோட்டோரோ' சட்ஸுகிக்கோ இந்தக் கேள்வியே பொருந்தாது. இருவரும் தெருவில் பார்க்கிற சாதாரண ஜப்பானியச் சிறுமிகள்.

'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' வேறு வகை. அந்த ஊரை ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமையும் விஸ்பியையும் நேரில் பார்த்துவிட்டு வரைந்தார்கள். அது ஜப்பானியர் கனவு கண்ட ஐரோப்பா. உண்மையான குறை தோல் நிறத்தில் இருக்கிறது. நாயக நாயகியர் மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பது அரிது. நம் சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் அதிர்ச்சி தராது.

"எல்லாப் படத்துலயும் பொண்ணுதான் ஹீரோ. அப்போ அங்க பெண்களுக்கு நல்ல இடம்னுதானே அர்த்தம்?"

திரையில், ஆமாம். அதுவும் அழகுக்காக வைத்த பெண்கள் இல்லை, வேலை செய்கிற பெண்கள். பதின்மூன்று வயது கிகி ஒரு பேக்கரி மாடியில் தங்கிப் பார்சல் சுமக்கிறாள். ஒரு பாட்டி வீட்டில் மின்சார அடுப்பு வேலை செய்யாமல் போக, பழைய விறகு அடுப்பை மூட்டி மீன் பை சுட்டு, கொட்டும் மழையில் எடுத்துப் போகிறாள். கதவைத் திறந்த பேத்தி, இந்தப் பை எனக்குப் பிடிக்காது என்று முகம் சுளித்து வாங்கிக்கொள்கிறாள். அவ்வளவுதான் காட்சி. யாரும் யாரையும் திருத்துவதில்லை. உழைத்ததற்கு இப்படியும் பதில் கிடைக்கும் என்று ஒரு சிறுமியிடம் சொல்லத் துணிந்த குடும்பப் படம் வேறு எத்தனை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

தகஹாட்டா இசாவோ 1991 இல் எடுத்த 'ஒன்லி யெஸ்டர்டே'யில் ஐந்தாம் வகுப்புப் பெண்களுக்கு மாதவிடாய் பற்றிப் பாடம் நடக்கிறது. விஷயம் பையன்களுக்குக் கசிந்து அவர்கள் கேலி செய்வதும் வருகிறது. அந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து சேர 2016 ஆனது.

திரைக்குப் பின்னால் கதை வேறு. 'கிகி', 'டோட்டோரோ', 'ஒன்லி யெஸ்டர்டே' எல்லாம் எடுத்த, 1985 இல் தொடங்கிய கிப்லி ஸ்டுடியோவில் திரையரங்குக்கான முழுநீளப் படத்தை இதுவரை ஒரு பெண்கூட இயக்கியதில்லை. வண்ணங்களைத் தீர்மானித்த யசுதா மிச்சியோ போன்றவர்கள் பல்லாண்டு அங்கே தூணாக நின்றார்கள், ஆனால் இயக்குநர் நாற்காலி ஆண்களிடமே இருந்தது. ஃபேன்டசி படம் எடுக்க ஆண்களின் மனப்போக்குதான் பொருந்தும் என்கிற தொனியில் அங்கே வேலை பார்த்த தயாரிப்பாளர் ஒருவர் 2016 இல் பேசி, கண்டனம் கிளம்பிய பிறகு மன்னிப்புக் கேட்டார். மற்ற ஸ்டுடியோக்களில் நிலைமை மாறியிருக்கிறது. கியோட்டோ அனிமேஷனில் வளர்ந்த யமதா நவோகோ இன்று முன்வரிசை இயக்குநர். அவருடைய படம் கீழே வருகிறது.

"என் பொண்ணு வீல்சேர்ல இருக்கா. அவள மாதிரி பிள்ளை வர்ற படம் வேணும். பாவம் பாவம்னு அழவைக்கிற படம் வேண்டாம்."

பதின்வயது என்றால் 2020 இல் வந்த 'ஜோஸே, த டைகர் அண்ட் த ஃபிஷ்'. ஒசாகாவில் பாட்டியோடு வசிக்கும் ஜோஸே சக்கர நாற்காலியில் இருப்பவள். வாய் பெரிய வாய், பிடிவாதமும் அதிகம், படம் வரைவாள். வெளியே புலிகள் இருக்கின்றன என்று பயமுறுத்தியே பாட்டி அவளை வீட்டில் வைத்திருக்கிறாள். முதல் பாதியில் வீட்டு வேலைக்கு வரும் கல்லூரி மாணவனை அவள் படுத்தும் பாடு நல்ல நகைச்சுவை. பிற்பாதியில் அவனே விபத்தில் அடிபட்டுப் படுக்கும்போது யார் யாருக்குத் தேறுதல் சொல்கிறார்கள் என்பது திரும்பிவிடுகிறது. கண்ணீர் கொஞ்சம் உண்டு, 'பாவம்' கிடையாது.

சின்னப் பிள்ளை என்றால் 'போன்யோ'. 2008 இல் வந்தது. நாயகச் சிறுவன் சோசுகேயின் பள்ளிக்கூடமும் முதியோர் இல்லமும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. அம்மா லிசாவுக்கு அந்த இல்லத்தில்தான் வேலை. சக்கர நாற்காலிப் பாட்டிகள் அவனுக்குத் தோழிகள், அதில் ஒரு கிழவி சரியான சிடுசிடுப்பு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடைசியில் கடலுக்கடியில் அந்தப் பாட்டிகள் நாற்காலியை விட்டெழுந்து குதித்து ஓடுகிறார்கள். எழுந்து நடந்தால்தான் சந்தோஷமா என்று உங்கள் மகள் கேட்கலாம். கேட்டால் நல்ல கேள்வி. நீங்களும் அவளும் பேச ஒரு மாலை தேவைப்படும்.

"காது கேக்காத பொண்ணு வர்ற படம் ஒண்ணு இருக்காமே, அதை ஸ்கூல்ல போடலாமா?"

'எ சைலன்ட் வாய்ஸ்', 2016, யமதா நவோகோ இயக்கியது. ஓயிமா யோஷிடோகியின் சித்திரக்கதையிலிருந்து வந்தது. அவருடைய அம்மா சைகைமொழி பெயர்ப்பாளர். ஷோகோ என்ற சிறுமி புதுப் பள்ளியில் சேர்ந்து, பேச்சுக்குப் பதில் நோட்டில் எழுதிக் காட்டுங்கள் என்கிறாள். ஒரு பையன் அவள் காதுக் கருவியைப் பிடுங்கி எறிகிறான். வருடங்கள் கழித்து அவன் சைகைமொழி கற்றுக்கொண்டு அவளைத் தேடி வருவதுதான் கதை.

இசையமைத்த உஷியோ கென்சுகே பியானோவுக்குள்ளேயே மைக் வைத்து, சுத்தியல் விழுவதையும் கட்டை நகர்வதையும் சேர்த்துப் பதிவு செய்தார். காதுக் கருவி வழியாக வரும் ஒலியில் உரசலும் சேர்ந்தே வரும் என்பதை மனதில் வைத்துச் செய்தது அது. ஷோகோவுக்கு ஜப்பானில் குரல் கொடுத்தவர் கேட்கும் திறனுள்ள ஹயாமி சவோரி. ஆங்கில டப்பில் கேட்கும் திறன் குறைந்த ஒரு நடிகையையே பேசவைத்தார்கள். வேறுபாடு காதில் விழும்.

என் குறை: படம் மன்னிப்புக் கேட்கும் பையனின் கதை. ஷோகோவுக்குக் கோபம் வரும் இடங்கள் மிகக் குறைவு. பள்ளியில் போடலாம், ஆனால் எட்டாம் வகுப்புக்கு மேல்தான். தற்கொலை முயற்சி வருகிறது. போட்டுவிட்டு மணி அடித்துக் கலைத்துவிடாதீர்கள், உடனிருந்து பேச ஆள் வேண்டும்.

"டோட்டோ சான் புத்தகம் தமிழ்ல படிச்சிருக்கோம். படம் அதே மாதிரிதானா?"

நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழில் பல காலமாகப் புழங்கும் அந்தப் புத்தகம் குரோயானகி டெட்சுகோ 1981 இல் வெளியிட்டது. படம் வர 2023 ஆகிவிட்டது. யகுவா ஷின்னோசுகே இயக்கினார். புத்தகம் துண்டு துண்டான நினைவுகள். படம் அதிலிருந்து போலியோ வந்த யசுவாகி சானின் நட்பை நடுத்தூணாக எடுத்துக்கொண்டது. ஏணி வைத்து, முடியாமல் போய், வேறு ஏணி தேடி, வியர்க்க விறுவிறுக்க அவனை மரத்தில் ஏற்றும் காட்சி உண்டு. நீச்சல் குளத்துக் காட்சியில் அவன் தண்ணீரில் இறங்கியதும் படத்தின் வரைகலையே வேறாகிவிடுகிறது. தரையில் கனக்கும் உடம்பு தண்ணீரில் கனக்காது என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

புத்தகத்தில் என்னை அதிகம் தொட்டது தகஹாஷி. கை கால் குட்டையாக, இனி வளராத உடம்புள்ள பையன். விளையாட்டு விழாவில் தலைமையாசிரியர் கொபயாஷி வைத்த போட்டிகள் எல்லாவற்றிலும் அவனே முதலாக வருகிறான், ஏனென்றால் அவன் உடம்புக்கு வசதியாக இருக்கும்படிதான் அவர் போட்டிகளை யோசித்திருக்கிறார். பரிசு முள்ளங்கியும் கீரையும். யாரும் விட்டுக்கொடுத்து அவன் ஜெயிக்கவில்லை, விதியை எழுதும்போதே அவனை நினைத்திருக்கிறார்கள். மேலே 'கதையில் யாருக்கு வேலை' என்று எழுதியபோது என் மனதில் இருந்தது இதுதான்.

"பிரின்சஸ் மோனோனோகேல உடம்பெல்லாம் துணி சுத்திக்கிட்டு துப்பாக்கி செய்றாங்களே, அவங்க யாரு? பிள்ளைங்க பேய்னு நினைச்சுட்டாங்க."

தொழுநோயாளிகள். எபோஷி சீமாட்டியின் இரும்பு ஊரில் தனித் தோட்டத்து வீட்டில் இருக்கிறார்கள். நாயகன் அஷிடாகா கோபத்தில் எபோஷியைக் கொல்லப் போகும் நேரத்தில், படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவர் பேசுகிறார்: எங்களை மனிதராகப் பார்த்தவர் இவர் ஒருவர்தான், அழுகிய உடம்பைக் கழுவித் துணி சுற்றியவர் இவர், கொல்ல வேண்டாம். காட்டை அழிக்கும் அதே பெண்மணி. விலைக்கு விற்கப்பட்ட பெண்களையும் வாங்கி வந்து உலைத் துருத்தி மிதிக்கும் வேலை கொடுத்தவள். அந்தப் பெண்கள் ஆண்களைப் பார்த்து அடிக்கும் கிண்டலைக் கவனியுங்கள். ஊரில் சத்தமாகச் சிரிப்பவர்கள் அவர்கள்தான்.

இந்தக் காட்சிக்குப் பின்னால் உண்மையான இடம் ஒன்று இருக்கிறது. படத்தை இயக்கிய மியசாகி ஹயாவோ வசிக்கும் பகுதிக்கு அருகே, டோக்கியோவின் ஹிகஷிமுரயாமாவில், தமா ஜென்ஷோயென் என்ற அரசுத் தொழுநோய்க் காப்பகம் உள்ளது. அங்கே போய்ப் பார்த்தது படத்தைப் பாதித்தது என்று 2016 இல் அவரே பொதுமேடையில் சொன்னார். நோய்க்கு மருந்து வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் ஜப்பான் நோயாளிகளைக் கட்டாயமாக அடைத்து வைத்தது. அந்தச் சட்டம் நீங்கியது 1996 இல். படம் வந்தது 1997 கோடையில். 2001 இல் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் அரசின் தவறு என்று தீர்ப்புக் கொடுத்தது. அன்று தியேட்டரில் கூட்டமாகப் பார்த்த பல குடும்பங்கள், தங்கள் நாட்டில் அப்போதும் அப்படி மக்கள் சுவருக்குள் இருப்பதை அறியாமலே பார்த்திருப்பார்கள்.

பேய் என்று நினைத்த பிள்ளைகளிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். தொட்டால் ஒட்டாது, மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் என்பதையும் சேர்த்து.

"ஜப்பான்ல பழங்குடிங்க இருக்காங்கன்னு சொன்னீங்க. அவங்க கதை எதுவும் படமா வந்திருக்கா?"

வந்து, வராமல் போனது ஒன்று உண்டு. தகஹாட்டா இசாவோவின் முதல் படம், 1968 இல் டோயே ஸ்டுடியோ வெளியிட்ட 'ஹோருஸ்'. அதன் மூலம் ஐனு மக்களின் வாய்மொழிக் கதையை வைத்து எழுதிய ஒரு பொம்மலாட்ட நாடகம். படமாகும்போது களம் வட ஐரோப்பாவுக்கு மாறிவிட்டது. உடை, ஊர், பெயர் எல்லாம் ஸ்காண்டிநேவியா. ஐனு என்று பெயர் சொல்லிப் படம் எடுத்தால் சர்ச்சை வரும் என்ற தயக்கம்தான் காரணம். ஜப்பானிய அனிமேஷனின் மைல்கல் என்று கொண்டாடுகிற படத்தின் அடித்தளத்திலேயே இப்படி ஒரு மறைப்பு.

ஐனுக்களைப் பூர்வகுடிகள் என்று ஏற்கச் சொல்லி நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது 2008 இல். சட்டம் 2019 இல். ஷிரவோய் ஊரில் தேசிய அருங்காட்சியகம் 2020 இல் திறந்தது. குடும்பப் படங்கள் இதற்கு இணையாக நகரவில்லை. 'மோனோனோகே'யின் அஷிடாகா எமிஷி இனத்தவன், அதாவது யமட்டோ அரசை எதிர்த்த வடகிழக்கு மக்களில் ஒருவன். நாயகனையே அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது பெரிய விஷயம். ஆனால் அதுவும் பல நூற்றாண்டுக்கு முந்தைய கதை. இன்றைக்கு சப்போரோவில் பஸ் ஏறும் ஐனு சிறுமியைப் பிள்ளைகளுக்கான பெரிய படம் எதிலும் நான் பார்த்ததில்லை.

"கொரியாகாரங்கள ஜப்பான் நடத்தின விதம் பத்தி ஏதாவது படம் பேசுதா?"

நேராகப் பேசும் குடும்பப் படம் கிடையாது என்றே சொல்லலாம். ஓரத்தில் தொட்டுப் போகும் ஒரு நொடி உண்டு. கட்டபுச்சி சுனவோவின் 2016 படமான 'இன் திஸ் கார்னர் ஆஃப் த வேர்ல்ட்' குரே துறைமுக நகரில் நடக்கும் போர்க்காலக் கதை. 1945 ஆகஸ்ட் 15 அன்று ரேடியோவில் சரணடைவு அறிவிப்பு கேட்ட பிறகு, குண்டுவெடிப்பில் வலது கையை இழந்த நாயகி சுசு வயலுக்கு ஓடி விழுந்து அழுகிறாள். அப்போது ஊரில் ஒரு கூரை மேல் கொரியக் கொடி ஏறுகிறது. யாரும் விளக்குவதில்லை. கடல் தாண்டி வந்த அரிசியும் பயறும் தின்று வளர்ந்த உடம்பு இது என்று சுசு சொல்கிறாள். தாங்கள் சாப்பிட்டது எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கணத்தில்தான் அவளுக்கு உறைக்கிறது. மூலச் சித்திரக்கதையில் அந்த இடத்து வசனம் இன்னும் கடுமை. படம் மென்மையாக்கிவிட்டது என்று குறை சொன்னவர்கள் ஜப்பானிலேயே உண்டு. எனக்கும் பாதி அப்படித்தான். ஆனால் சோறு பற்றிய வசனம் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் எட்டுகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

டோட்டோ சான் புத்தகம் இதில் துணிச்சலானது. மசாவோ என்ற கொரியப் பையன் டோட்டோவைப் பார்த்து 'கொரியாக்காரி' என்று கத்துகிறான். அவனைப் பார்த்து ஊரார் கத்துவது அந்த வார்த்தைதான். அதை ஒரு வசவு என்றே அவன் நினைத்திருக்கிறான் என்று டோட்டோவின் அம்மா கண் கலங்கிச் சொல்வாள். புத்தகம் வீட்டில் இருந்தால் அந்த அத்தியாயத்தைத் தேடிப் படியுங்கள்.

"ஓநாய்ப் பிள்ளை, மீன் பிள்ளைன்னு எடுக்கிறாங்களே, அதெல்லாம் உண்மையில கலப்புக் குழந்தைங்க கதையா?"

அப்படிப் படிக்க முழு இடம் இருக்கிறது. ஹொசோதா மமோருவின் 'வுல்ஃப் சில்ட்ரன்' 2012 இல் வந்தது. அப்பா ஓநாய் மனிதன், இறந்துபோகிறான். ஹனா என்ற இளம் அம்மா இரண்டு பிள்ளைகளோடு தனியாக நிற்கிறாள். ஒருநாள் மகள் எதையோ விழுங்கிவிட்டு வாந்தி எடுக்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் ஓடும் ஹனா ஒரு தெருவில் அப்படியே நிற்கிறாள். ஒரு பக்கம் குழந்தைகள் கிளினிக், மறுபக்கம் கால்நடை மருத்துவமனை. எந்தக் கதவைத் தட்டுவது? கடைசியில் தொலைபேசிக் கூண்டிலிருந்து ஃபோன் போட்டு விவரம் கேட்கிறாள். பிறகு தடுப்பூசி போடவில்லை, பரிசோதனைக்கு வரவில்லை என்று அதிகாரிகள் வாசலுக்கு வருகிறார்கள். காகிதம் இல்லாத குடும்பம் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தக் காட்சியைத் தன் காட்சியாகவே பார்க்கும்.

'வென் மார்னி வாஸ் தேர்' இதையே ஓநாய் வேஷம் இல்லாமல் சொல்கிறது. வளர்ப்புப் பெற்றோரிடம் இருக்கும் அன்னாவின் கண்ணில் நீலம் கலந்திருக்கிறது. தனபாட்டா விழாவில் காகிதத்தில் வேண்டுதல் எழுதும்போது, ஒவ்வொரு நாளும் சாதாரணமாகக் கழிய வேண்டும் என்று எழுதுகிறாள். பக்கத்துப் பெண் அதைப் பிடுங்கிப் பார்த்து, உன் கண் அழகாக இருக்கிறது, நீலமாகத் தெரிகிறதே என்று வாஞ்சையாகத்தான் சொல்கிறாள். அன்னா வெடித்து அவளைக் 'கொழுத்த பன்றி' என்று திட்டிவிடுகிறாள். தன்னை வளர்ப்பதற்கு அரசு உதவித்தொகை வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குள் புழுங்குவதும் படத்தில் உண்டு. பாட்டி வழியில் வேற்று ரத்தம் என்பது கடைசியில்தான் தெளிவாகிறது.

உருவகத்தால் வரும் லாபம், எந்த வீட்டுப் பிள்ளையும் அதில் தன்னைப் பொருத்திக்கொள்ளலாம். நஷ்டம், நிஜமான நேபாளப் பையனும் பிரேசில் பெண்ணும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

"கறுப்பின மக்களைக் கேவலமா வரைஞ்சிருக்காங்களாமே, உண்மையா?"

பழைய படைப்புகளில் உண்மை. தடித்த உதடு, உருண்டைக் கண், இடுப்பில் இலை என்று அமெரிக்கக் கார்ட்டூன்களிலிருந்து அப்படியே இறங்கி வந்தது அது. 1988 இல் ஒசாகா அருகே சகாய் நகரில் ஒரு குடும்பம், பள்ளிச் சிறுவன் உட்பட, இதை எதிர்த்துச் சங்கம் தொடங்கிப் பதிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதியது. அதன் பிறகுதான் டெசுகாவின் தொகுப்புகளில் விளக்கக் குறிப்பு அச்சிடும் வழக்கம் வந்தது.

பிள்ளைகளுக்குப் பரிச்சயமான உதாரணம் போக்கிமானில் வரும் ஜின்க்ஸ். கரிய முகமும் பெரிய உதடும் பொன்முடியுமாக இருந்தது. 2000 வாக்கில் அமெரிக்காவில் ஒரு கறுப்பின எழுத்தாளர் இதைச் சுட்டி எழுத, பின்னாளில் முகம் ஊதாவானது. உதடு அப்படியேதான் இருக்கிறது.

"ஷின்-சான்ல பொம்பளை மாதிரி பேசுற ஆம்பளைங்க வந்தா பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. நான் என்ன சொல்றது?"

அந்தத் திரைப்பட வரிசை 1993 இல் தொடங்கியது. ஆரம்பப் படங்களில் இது வாடிக்கை நகைச்சுவை. 1996 படத்தில் வில்லன்களே அந்த வேடம்தான். நம் ஊர்ப் படங்களில் திருநங்கையரை வைத்துச் செய்த 'காமெடி'யோடு பங்காளி உறவு. 2008 இல் இந்தியாவில் அந்தத் தொடரையே கொஞ்ச காலம் தடை செய்தார்கள், ஆனால் காரணம் பையனின் வாய்த்துடுக்கு. இதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

வளர்ந்த பிள்ளைகளுக்கு மாற்றாக ஒரு படம்: கோன் சடோஷியின் 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்', 2003. கிறிஸ்துமஸ் இரவில் குப்பையில் கிடக்கும் குழந்தையை வீடற்ற மூவர் எடுக்கிறார்கள். அவர்களில் ஹனா பெண்ணாக வாழ்பவர், தாய்மைக்கு ஏங்குகிறவர். அவரை வைத்தும் படம் சிரிக்கவைக்கிறது. ஆனால் மூவரில் அதிக நெஞ்சுரமும் நியாயமும் அவருக்குத்தான். 2020 இல் வந்த புதிய ஆங்கில டப்பில் ஹனாவுக்கு ஒரு திருநங்கை நடிகையே குரல் கொடுத்தார். ஸ்பானிஷ் பேசும் ஒரு குடியேறிப் பெண், மொழியே புரியாமல் இன்னொரு பெண்ணுக்கு அடைக்கலம் கொடுக்கும் காட்சியும் இதில் உண்டு. குடியேறிகள் வேஷமின்றி வரும் அரிய இடம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

"குண்டா இருந்தா காமெடிதானா அங்கயும்?"

பெரும்பாலும். 2021 இல் வந்த 'ஃபார்ச்சூன் ஃபேவர்ஸ் லேடி நிகுகோ'வில் பருத்த, வெகுளியான அம்மாவை மகளின் சங்கடமான கண்ணால் பார்க்கிறோம். மகள் பார்வை மெல்ல மாறுகிறது. கேமரா மட்டும் கடைசிவரை அந்த உடம்பைக் குலுக்கிக் காட்டி வேடிக்கை பார்க்கிறது. மேலே சொன்ன அன்னா திட்டியபோது அந்தப் பக்கத்துப் பெண் தாங்கிக்கொண்ட விதம் இதைவிட எனக்கு மதிப்பானது.

"ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அடம் பிடிக்கிற பிள்ளைக்கு ஏதாவது படம்?"

'லோன்லி காஸில் இன் த மிரர்', 2022. துன்புறுத்தலுக்குப் பயந்து அறைக்குள் அடைந்த கொகோரோ, கண்ணாடி வழியாக ஒரு கோட்டைக்குப் போகிறாள். அங்கே அவளைப் போலவே ஏழு பேர், அவளையும் சேர்த்து. ஜப்பானில் 2023 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் நீண்ட நாள் வராமல் இருந்த பிள்ளைகள் 3,46,482 பேர் என்பது அரசுக் கணக்கு. அந்தப் படத்துக்கு ஏன் அவ்வளவு வரவேற்பு என்று இனிமேல் விளக்க வேண்டாம்.

"இந்தியாவை அவங்க எப்படிக் காட்டியிருக்காங்க?"

சாகோ யூகோவின் ராமாயணப் படம் இருக்கிறதே. 1983 இல் ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்த சாகோ ராமாயணத்தில் விழுந்துவிட்டார். வெளிநாட்டான் நம் இதிகாசத்தைத் தொடலாமா என்று விசுவ இந்து பரிஷத் ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. அவர் பேசிச் சமாதானம் செய்து, ராம் மோகன் என்ற இந்திய அனிமேஷன் முன்னோடியையும் இணை இயக்குநராகச் சேர்த்துக்கொண்டார். படம் 1992 இல் முடிந்தது. மூலப் பாடல்கள் சமஸ்கிருதத்தில், இசை வன்ராஜ் பாட்டியா. 2025 ஜனவரியில் தமிழ் டப்போடு நம் தியேட்டர்களுக்கும் வந்தது.

அடுத்தவர் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கதைக்கு உரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது ஒரு வழி என்று இதைக் காட்டலாம். ஹோருஸ் படத்தில் ஐனுக்களுக்குக் கிடைக்காத நாற்காலி அது.

"அவங்க கதையை அவங்க ஆளுங்களை வெச்சு எடுக்கிறாங்க. அமெரிக்கா அளவுகோலை வெச்சு அளக்கிறது நியாயமா?"

நியாயமில்லை, அந்த அளவுகோல் என்றால். ஒரு கறுப்பர், ஒரு ஆசியர், ஒரு லத்தீனர் என்று போஸ்டரில் தலை எண்ணும் வழக்கத்தை ஓவியர் ஹோக்குசாய் வாழ்ந்த எடோ நகரத்துக்குள் (பழைய டோக்கியோ) கொண்டுபோனால் சிரிப்புத்தான் வரும். 2015 இல் வந்த 'மிஸ் ஹோக்குசாய்' படத்தில் அந்த ஓவியரின் மகள் ஓ-யெய், பார்வையற்ற தங்கை ஓ-நவோவை ரியோகோகு பாலத்துக்கு அழைத்துப்போய்க் கூட்டத்தின் சத்தங்களைக் கேட்கவைக்கிறாள். படகில் அமர்ந்து ஆற்றில் கை வைக்கச் சொல்கிறாள். ஊரே தங்கையின் காது வழியாகவும் விரல் வழியாகவும் நமக்கு வருகிறது. எண்ணிக்கைப் பட்டியல் எதிலும் இது ஏறாது.

ஆனால் இந்த வாதத்தை வைத்துத் தப்பித்துவிடவும் முடியாது. ஐனுவும் கொரிய வம்சாவளியும் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கேள்விகள் இல்லை, அந்த மண்ணின் கேள்விகள். சகாய் குடும்பம் எழுதிய கடிதங்களும், தொழுநோயாளிகள் போட்ட வழக்கும் ஜப்பானியர் ஜப்பானியரிடம் கேட்டவைதான். அவர்கள் வைத்த அளவுகோலிலேயே அளந்தால் போதும். படங்கள் பல இடங்களில் தேறும், சில இடங்களில் தேறாது.

"சரி, எதுல ஆரம்பிக்கிறது? எந்த வயசுக்கு எது?"

என் கணக்கு இது, உங்கள் பிள்ளையை நீங்கள்தான் அறிவீர்கள். ஐந்து வயதுக்கு 'டோட்டோரோ'வும் 'போன்யோ'வும். ஏழெட்டு வயதில் 'கிகி'. பத்தில் 'வுல்ஃப் சில்ட்ரன்', 'மார்னி', 'டோட்டோ சான்'; மூன்றிலும் மரணமோ பிரிவோ வரும். 'லோன்லி காஸில்', 'மோனோனோகே' பதின்மூன்றுக்குப் பிறகு. பின்னதில் கையும் தலையும் பறக்கும். 'மிஸ் ஹோக்குசாய்' குழந்தைப் படம் போலத் தெரியும், பெரியவர் சமாச்சாரங்கள் உண்டு, முதலில் நீங்கள் பாருங்கள்.

முடிந்தவரை ஜப்பானிய ஒலியிலேயே போடுங்கள். சப்டைட்டில் படிக்க வராத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே போனால் போதும், பத்து நிமிஷத்தில் பழகிவிடுவார்கள். படத்துக்கு முன்னால் பாடம் எடுக்காதீர்கள். முடிந்ததும், இந்த ஊரில் யாரையாவது காணோமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.